உண்மை நகல்

தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சிக்கந்தர் பாய் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடையில், ஆனி மாசம் பிறந்து நாலாவது நாள், வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, கரண்ட் ஒரு தடவை போய் வந்த கையோடு, பைக் ஸ்டாண்டு நாச்சிமுத்துவின் மகள் கோகிலவாணி ரெண்டு பேரானாள். நம்பாதவர்கள் கடைக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம், பாய் இன்னும் அந்த மெஷினைத்தான் வைத்திருக்கிறார். போகும்போது ஒரு ஆதார் கார்டாவது ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டு போங்கள். சும்மா கதை கேட்க வந்து நிற்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

கோகிலவாணி அந்த வருசம்தான் தாவரவியலில் பி.எஸ்சி. முடித்திருந்தாள். முடித்த கையோடு ஒரே வாரத்தில் ரெண்டு கடிதம் வந்தது. ஒன்று கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து. அமெரிக்காவில் யாருக்கோ கால் உடைந்தால் இங்கே உட்கார்ந்து அதற்கு நம்பர் போடுகிற மெடிக்கல் கோடிங் வேலை. இன்னொன்று திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து; எம்.எஸ்சி. சீட்டு, அதுவும் பாசியைப் பற்றிப் படிப்பதற்கு. ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டது போல ஜூன் இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? நாச்சிமுத்துவின் ஸ்டாண்டில் வண்டி விடுகிறவர்கள் எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒரு யோசனை சொன்னார்கள். வேலைக்கு விடு என்றவர் டோக்கன் வாங்கிக்கொண்டு போனார், படிக்க விடு என்றவர் டோக்கன் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார், பாசியைப் படித்து என்ன பண்ணப்போகிறாள், வழுக்கி விழுவதற்கா என்று கேட்டவர் தன் வண்டி எது என்று தெரியாமல் அடுத்தவன் வண்டியில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு வேலைதான் சரி என்று பட்டது. கோயம்புத்தூர் என்றால் வாராவாரம் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள், திருச்சி என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் முகத்தைப் பார்க்க முடியும். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் பாசி ஒரு படிப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, பெண் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டும் இருக்கட்டுங்க." சின்ன வயசில் மிட்டாய்க் கடையில் தேன்மிட்டாயா கடலைமிட்டாயா என்று கேட்டபோது ஆரம்பித்த வார்த்தை அது. ரிப்பன் வாங்கும்போதும் அதுதான், ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று டீச்சர் கேட்டபோதும் அதுதான், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை எந்த குரூப் சேர்ந்ததோ அதிலேயே இவளும் போய் உட்கார்ந்தாள். இந்த வார்த்தையை இருபத்தோரு வருசமாக இத்தனை தடவை சொன்னால் எதன் காதிலாவது விழுந்து தொலைக்காதா? மெஷின் காதில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அவளைக் கடைக்கு அனுப்பியது அம்மா சாந்தாமணி. சாந்தாமணிக்கு உலகத்தில் எதன்மேலும் பெரிய நம்பிக்கை கிடையாது, ஜெராக்ஸ் மேல் மட்டும் உண்டு. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், கேஸ் புக்கு, நாய்க்கு ஊசி போட்ட சீட்டு வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். "ஒரிஜினலை எங்க வேணாலும் குடு கண்ணு, வீட்டுல ஒரு ஜெராக்ஸ் இருக்கோணும்" என்பது அவள் சட்டம். எந்த ஊருக்குப் போகப்போகிறாய் என்று அவள் மகளைக் கேட்கவில்லை, டி.சி.யை ஒரு நகல் எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

டி.சி. சுருண்டிருந்தது. கண்ணாடிமேல் வைத்தால் ஒரு பக்கம் படுத்தது, மறுபக்கம் எழுந்தது. சிக்கந்தர் பாய் தன் மெஷின் பெருமையைப் பேசிக்கொண்டே அதை அமுக்கினார். "இது சாதாரண மெஷின் இல்லீங்க அம்முணி. ரப்பர் வெச்சு அழிச்சிருந்தாலும், ஒயிட்னர் பூசியிருந்தாலும், கீழ என்ன இருந்துச்சோ அத்தனையும் காட்டிக் குடுத்துரும். எத்தனை பேரு மார்க் ஷீட்டு இங்க மாட்டியிருக்குது தெரியுமா?" கோகிலவாணி சுருண்ட முனையை நீவிவிடக் குனிந்தாள், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, இருட்டில் கால் இடறியது, இடது உள்ளங்கை பளிச்சென்று கண்ணாடியில் பதிந்தது, மூஞ்சியும் கூடவே பதிந்தது, கரண்ட் வந்தது, பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நிதானமாக ஓடியது. தட்டில் முதலில் டி.சி.யின் நகல் வந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் திணறி, கொஞ்சம் கரகரத்து, கருப்பு வெள்ளையில் இன்னொரு கோகிலவாணி வந்தாள்.

"சூடா இருக்குது, சித்த நேரம் ஆறட்டும்" என்றார் பாய். "உடனே மடிச்சீங்கன்னா மை ஒட்டிக்கும்." பிறகு ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். வேண்டாங்க, இதே போதும் என்றாள் கோகிலவாணி.

வந்தவள் அச்சு அசல் அவளேதான். சுடிதாரின் மாம்பழ மஞ்சள் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது, உதடு கருப்பு, வளையல் கருப்பு, பல் மட்டும் வெள்ளைவெளேர். பாய் கடைக் கண்ணாடியில் ஒரு பழைய கீறல் உண்டு, அதனால் அந்தக் கடையில் எடுக்கிற எல்லா நகலிலும் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு மெல்லிய கோடு விழும். இவளுக்கும் நெற்றியிலிருந்து கணுக்கால்வரைக்கும் விழுந்திருந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், "பாய் கடையில எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். வேறே ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் சாந்தாமணி ரெண்டு பேரையும் பார்த்து, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட வாங்க என்றாள். சொன்ன வேகத்தில், "நீ வேண்டாஞ்சாமி, நனைஞ்சா கலைஞ்சிருவே" என்று நகலின் கையைப் பிடித்து உட்கார வைத்து ஈரத்துணியில்லாமல் வெறுந்துணியால் துடைத்துவிட்டாள். அரிசிம்பருப்புச் சோற்றில் ஆளுக்கு ஒரு கரண்டி நெய் விட்டாள். நாச்சிமுத்து ஸ்டாண்டிலிருந்து வந்து, பார்த்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மறுபடி பார்த்தார். ஒரே கம்பெனி ஒரே கலர் வண்டி ரெண்டு வந்து நிற்பது அவருக்குப் புதுசில்லை. ஒன்றுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு ஒன்று-அ என்று மனசுக்குள் டோக்கன் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பேர் வைப்பதில்தான் தெருவுக்குள் கொஞ்சம் சண்டை வந்தது. கடைசியில் இருக்கிற பேரையே பாதியாக அறுத்து, நிறத்தோடு இருந்தவளுக்குக் கோகிலா என்றும் நகலுக்கு வாணி என்றும் கொடுத்தார்கள். ஜோசியர் தானாகவே வீடு தேடி வந்து, பிறந்த இடம் ஜெராக்ஸ் கடை, பிறந்த நேரம் பகல் பதினொன்று முப்பது என்று வாணிக்குத் தனி ஜாதகம் எழுதி, கல்விஸ்தானம் பெரியவளைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ரேஷன் கடைக்காரர் மட்டும் நகலுக்கு அரிசி கிடையாது என்று கறாராகச் சொன்னார். சக்கரை? சக்கரையும் கிடையாது.

அதற்குள் பாய் கடையில் வரிசை நின்றது. ரெண்டு கட்சியிலும் இருக்க ஆசைப்பட்ட ஒரு கவுன்சிலர், நாத்தனார் வீட்டு விசேசத்துக்கெல்லாம் அனுப்பிவைக்க ஒரு நகல் வேண்டும் என்று வந்த ஒரு அம்மா, ஒரே முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டு முழித்த ஒரு சமையல்காரர் என்று எத்தனையோ பேர் வந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்து அமுக்கினார்கள். எல்லாருக்கும் வந்தது தாளில் நசுங்கின மூஞ்சிதான். மூன்றாம் நாள் பாய் ஒரு அட்டையில் 'ஆள் ஜெராக்ஸ் எடுக்கப்படாது' என்று எழுதித் தொங்கவிட்டு, கண்ணாடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை நியூஸ்பேப்பரால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார்.

கோகிலாவுக்கு அந்த ரெண்டு மூன்று நாள் மாதிரி நிம்மதியான நாள் வாழ்க்கையிலேயே இருந்ததில்லை. ஒருத்தி வேலைக்கு, ஒருத்தி படிப்புக்கு! ரெண்டும் இருக்கட்டும் என்றாள், ரெண்டும் இருந்தது. யாரும் அவளை எதையும் கேட்கவில்லை. வாணியும் நல்லவளாகத்தான் இருந்தாள். பட்பட்டென்று பேசுவாள், ஸ்டாண்டில் உட்கார்ந்து அப்பாவுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பாள், வெயிலில் வேர்க்காது. ஒரே ஒரு விசித்திரம், இடது கையை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருந்தாள். சாப்பிடும்போதும் மூடித்தான், தூங்கும்போதும் மூடித்தான். நகல் எடுக்கும்போது கை நசுங்கியிருக்கும் பாவம் என்று சாந்தாமணி அதைப் பெரிசுபடுத்தவில்லை.

சிக்கல் டி.சி.யில் வந்தது. ஆளுக்கு நகல் இருக்கிறது, சரி, டி.சி.க்கும் நகல் இருக்கிறது, சரி; ஒரிஜினல் டி.சி. ஒன்றுதானே? நாச்சிமுத்து ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே ரெண்டு இடத்துக்கும் போன் போட்டார். கம்பெனிக்காரர்கள், ஆளும் ஒரிஜினலாக இருக்க வேண்டும், டி.சி.யும் ஒரிஜினலாக இருக்க வேண்டும், ரெண்டு வருசத்துக்கு ரெண்டும் எங்களிடம்தான் இருக்கும் என்று இனிமையாகச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் போனை எடுத்த கிளார்க்குக்குச் சாப்பாட்டு நேரம். "ஒரிஜினல் ஆளுன்னா ஒரிஜினல் டி.சி., ஜெராக்ஸ் ஆளுன்னா ஜெராக்ஸ் டி.சி. அதுல ஒண்ணு இதுல ஒண்ணுன்னு கலந்து கொண்டு வராதீங்க. ஜெராக்ஸா இருந்தா ரெண்டுலயும் கெசட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன் இருக்கணும், பச்சை மையில. வெச்சிரட்டுமா?"

அப்படியாக விசயம் தன்னால் முடிவாயிற்று. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது நாச்சிமுத்துவுக்குப் பரம சந்தோசம். "கோகிலா ஒரிஜினல் டி.சி.யோட கோயமுத்தூர் போகட்டும். வாணி ஜெராக்ஸோட திருச்சி போகட்டும். படிப்புக்கு ஜெராக்ஸே தாராளமாப் போதும்! ரெக்கார்டு நோட்டெல்லாம் இவளுக எப்படி எழுதுனாளுகன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். கோகிலாவைப் பார்த்து, "என்னங் கண்ணு, சரிதானே?" என்றார்.

"சரிங்கப்பா" என்றாள் கோகிலா. உப்பு அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாணியை அமராவதி ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படிக்கப்போகிறவளுக்குப் பாசியைக் காட்டிக்கொடுக்க வேண்டாமா? ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான் ஓடியது, பாறைகளின் ஓரத்தில் தேங்கின இடத்தில் பாசி நூல் நூலாக மிதந்தது. கோகிலா ஒரு இழையை எடுத்து விரலில் விட்டு, கல்லூரியிலிருந்து திருப்பிக் கொடுக்க மறந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். "நல்லாப் பாரு. லேப்ல மைக்ராஸ்கோப்புல வெச்சா, உள்ள பச்சை ரிப்பன் சுத்திச் சுத்திப் போகும், சடை பின்னுன மாதிரி. முத நாள் அதைப் பார்த்துட்டு நான் பெல் அடிச்சும் எந்திரிக்கல தெரியுமா? எல்லாரும் போயிட்டாங்க. லேப் அக்கா வந்து லைட்டை அமத்துச்சு."

வாணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "கருப்பா இருக்குது" என்றாள்.

"கருப்பில்லை, பச்சை."

"பச்சைன்னா எப்படி இருக்கும்?"

கோகிலா சொல்லிப் பார்த்தாள். மழை பெய்த மறுநாள் என்றாள், வாழை இலை என்றாள், அம்மாவின் பட்டுப்புடவைக் கரை என்றாள். எல்லாமே எனக்குக் கருப்புதானே என்றாள் வாணி. அப்போது கோகிலாவுக்கு வந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கருப்பு வெள்ளைக் கழுதை திருச்சிக்குப் போய் அந்தப் பெரிய லேபில் உட்கார்ந்து, பச்சை எது என்று தெரியாமலே பாசியைப் பார்க்கும். நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து முகம் தெரியாதவனுடைய முழங்காலுக்கு நம்பர் போட வேண்டும். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரைக் காலால் எத்தினாள். வாணி மேல் ரெண்டு சொட்டுத் தெறித்து முழங்கையில் கொஞ்சம் மை கரைந்தது. ஐயோ என்று பதறித் தன் துப்பட்டாவாலேயே ஒற்றியெடுத்தாள். வாணி கோபப்படவில்லை. "வேலைக்குப் போகோணும்னு உனக்கு ஆசையா?" என்று மட்டும் கேட்டாள். கோகிலா வீட்டைப் பார்த்து நடந்தாள்.

தாராபுரத்தில் பச்சை மைப் பேனா வைத்திருக்கிற ஆபீசர்கள் நாலைந்து பேர் உண்டு, ஆனால் போனவுடனே பார்க்க முடிகிறவர் மாட்டாஸ்பத்திரி எஸ்தர் டாக்டர் ஒருவர்தான். ஊரில் பாதிப் பேருடைய சான்றிதழில் அவர் கையெழுத்துத்தான் இருக்கும். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் நாச்சிமுத்து, சாந்தாமணி, கோகிலா, வாணி நாலு பேரும் போனபோது முன்னால் ஏழு மாடும் ஒரு ஆடும் நின்றது. இவர்கள் முறை வந்தபோது டாக்டருடைய வலது கை ஒரு செவலை மாட்டுக்குள் தோள்பட்டை வரைக்கும் இருந்தது.

"என்ன நோவு?" என்றார் திரும்பாமல்.

"நோவில்லீங்க டாக்டர், அட்டெஸ்டேஷன்."

"ஒரிஜினல் கொண்டாந்திருக்கீங்களா? ஒரிஜினல் இல்லாம நான் போட மாட்டேன்."

"இந்தா நிக்கிறாளுங்க" என்று கோகிலாவை முன்னால் தள்ளினார் நாச்சிமுத்து.

டாக்டர் கையை உருவி, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கண்ணாடியை மாட்டினார். முதலில் டி.சி.யின் நகலை ஒரிஜினலோடு வைத்து வரிவரியாகப் பார்த்து, முத்திரை குத்தி, பச்சை மையில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ரெண்டு பெண்களையும் அக்கம்பக்கமாக நிறுத்தினார். மச்சம் பார்த்தார், காது மடலைத் திருப்பிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார், பழக்கதோசத்தில் வாணியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "எல்லாம் சரியா இருக்குது. எங்க, கையைக் காட்டு."

வாணி வலது கையை நீட்டினாள். இடது கை மூடியே இருந்தது.

"அந்தக் கை?"

"அது வேண்டாங்க டாக்டர்" என்றாள் வாணி.

முரட்டுக் காளைக்கே வாயைப் பிளந்து மருந்து ஊற்றுகிறவருக்கு இது ஒரு வேலையா? கட்டைவிரலை ஒரு அமுக்கு அமுக்கினார், கை தானாக விரிந்தது. உள்ளங்கையில், மற்ற இடத்தையெல்லாம்விட அழுத்தமான கருப்பில், பேனாவால் எழுதின எழுத்து இருந்தது. டாக்டர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். "போகோணும்."

கோகிலாவின் இடது கையைத் திருப்பினார். ஒன்றுமில்லை, வெறும் கை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஆகாதுங்க. நகல்ல இருக்கறது ஒரிஜினல்ல இல்லை. இதைப் போய் உண்மை நகல்னு எழுதினா நாளைக்கு எம்மேல கேஸ் வரும். ஒண்ணு இதுல அழியோணும், இல்லாட்டி அதுல எழுதோணும்."

நாச்சிமுத்து துண்டை எடுத்து வாணியின் உள்ளங்கையைத் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். மற்ற இடத்தைப் போல இல்லாமல் மெஷின் சூட்டில் ஆழமாக இறங்கின மை, அதுவா போகும்? கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டாண்டை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார், டோக்கன் இல்லாமல் யாருக்காவது வண்டியைக் கொடுத்துத் தொலைத்துவிடுவான். "அட, நாலு எழுத்துதானுங்களே! எழுதிப்போடு கண்ணு, சட்டுனு ஆகட்டும்" என்றார் மகளிடம். எழுத வேறே பேனா இல்லை. டாக்டர் ஒரு நிமிசம் யோசித்து, கையில்தானே எழுதப்போகிறாய், பரவாயில்லை என்று பச்சை மைப் பேனாவையே மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

கோகிலா பேனாவை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்தாள். செவலை மாடு அந்த நேரம் பார்த்துச் சாணி போட்டது, சாந்தாமணி புடவையைத் தூக்கிக்கொண்டு அக்கட்டால நகர்ந்தாள். போ என்று எழுதினாள். கோ என்று எழுதினாள். மூன்றாவது எழுத்துக்குள் கண்ணில் தண்ணீர் முட்டி, எழுத்து தெரியாமல், குத்துமதிப்பாகத்தான் முடித்தாள்.

"அதென்ன போகோணும்?" என்றார் நாச்சிமுத்து. அப்போதுதான் அவருக்கு அது ஒரு வார்த்தை என்றே உறைத்தது. "எங்க போகோணும்?"

"திருச்சிக்குங்கப்பா."

"எப்ப எழுதினே?"

"சீட்டுக் கிடைச்ச அன்னிக்கு, டி.சி. வாங்கப் போனப்ப காலேஜ் வராண்டாவுலயே எழுதிட்டேனுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் எழுதினேன். மத்தியானம் உங்களுக்குச் சோறு கொண்டாந்தப்ப, ஸ்டாண்டுக்கு வெளிய குழாய்ல தேய்ச்சுக் கழுவிட்டேன்."

"எதுக்குக் கழுவினே?"

"டிபன் கேரியரைக் குடுக்கறப்ப நீங்க பாத்துருவீங்கன்னு."

"பாத்தா என்ன பண்ணியிருப்பேன்? அடிச்சிருப்பேனா?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டீங்கப்பா. சாப்பிடாம கம்முனு உக்காந்திருப்பீங்க. அதுதான் எனக்குத் தாங்காது. இப்பவும் தாங்காதுதான். ஆனா நான் போகோணுமுங்கப்பா. பாசிதான் படிக்கோணும். வேலை வேண்டாம்."

இருபத்தோரு வருசத்தில் ஒன்றை வேண்டும் என்றும் இன்னொன்றை வேண்டாம் என்றும் அவள் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. நாச்சிமுத்து அவள் சொன்னது போலவே கம்மென்று ஆகிவிட்டார். ஆட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஊசி போடுகிற அட்டவணையை மேலிருந்து கீழ்வரைக்கும் படித்தார்.

"இப்ப ரெண்டும் ஒத்துப்போச்சு" என்றார் எஸ்தர் டாக்டர், ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. பேனாவைத் திரும்ப வாங்கி, வாணியின் புறங்கையில் முத்திரை குத்தி, 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்தை இழுத்துவிட்டார். "யார் எங்க போறதுன்னு வீட்டுல போய்ப் பேசிக்கங்க. அடுத்த மாட்டைப் பிடிச்சுட்டு வாங்கப்பா!"

வாணி புறங்கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏய் கோகிலா, இதுதான் பச்சையா?" என்றாள். ஆமாம் என்றாள் கோகிலா. "நல்லாத்தான் இருக்குது" என்று வாணி ரொம்ப நேரம் கையை இறக்கவேயில்லை. வெளியே வந்து செருப்புப் போடும்போது, யாரும் கேட்காமலே நாச்சிமுத்துவிடம் சொன்னாள், "எனக்கு இந்தக் கையெழுத்து மட்டுந்தாங்கப்பா பச்சையாத் தெரியுது. ஆத்துல இருக்கறதெல்லாம் இன்னும் கருப்புதான். அவளே போகட்டும். நான் ஸ்டாண்டுல டோக்கன் கிழிக்கறேன்."

நாச்சிமுத்து ரெண்டு நாள் பேசவில்லை. சோற்றை மட்டும் சாப்பிட்டார், அதுவே பெரிய விசயம் என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு அவளே போன் போட்டு வரவில்லை என்று சொன்னாள். அடுத்த பேர் யாருங்க என்று அந்தப் பக்கம் யாரோ யாரையோ கேட்டது காதில் விழுந்தது, லைன் கட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே திருச்சி பஸ்ஸுக்கு அம்மாவும் வாணியும் கூட வந்தார்கள். நாச்சிமுத்து வரவில்லை. திங்கட்கிழமை ஸ்டாண்டில் கூட்டம் அதிகம் என்றார். கோகிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கத்திலேயே இருந்த ஸ்டாண்டில் அவர் மேசைக்கே போய் நின்றாள். ஃபைலில் ஒரிஜினல் டி.சி., கையில் அழியாத பச்சை எழுத்து. மூன்று நாளாக அந்தக் கையைச் சோப்புக்குக் காட்டவேயில்லை. நாச்சிமுத்து தலையைத் தூக்காமல் டோக்கன் கட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நடுவில் கிழித்தார். சொந்த மச்சினனுக்கே டோக்கன் இல்லாமல் வண்டி கொடுக்காத மனுசன். பாதியை மகள் கையில் வைத்து விரல்களை மூடினார். மறுபாதியை, பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்த வாணியின் சடையில், வண்டி ஹேண்டிலில் கட்டுகிற அதே ரப்பர் பேண்டால் கட்டினார்.

"தொலைச்சராதே" என்றார். "டோக்கன் கொண்டு வந்தாத்தான் திருப்பித் தருவேன்."

"சரிங்கப்பா" என்றாள் கோகிலா. அழுதுகொண்டே சிரித்தாள். பஸ் கிளம்பி, வளைவில் திரும்புகிற வரைக்கும் நாச்சிமுத்து குனிந்து யாருடைய வண்டிக்கோ டோக்கன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இல்லை.

அன்றைக்குச் சாந்தாமணி வாணியோடு கடைக்கும் கோவிலுக்கும் போகிற வழியில் நிறுத்திக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். என்னங்க சாந்தாமணி, ஒத்தப் புள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிட்டீங்களாமே, வீடு வெறிச்சுன்னு இருக்குமே? சாந்தாமணி வாணிக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்தபடி ஒரே பதிலைத்தான் எல்லாருக்கும் சொன்னாள். "ஒரிஜினல் கேட்டாங்க, குடுத்தாச்சுங்க. ஜெராக்ஸ் வீட்டுல இருக்குது. தினம் ஒரு சுத்து மங்கத்தான் செய்யுது. முழுசா மங்கறதுக்குள்ள தீபாவளி வந்துருமுங்க."